இறக்கை இல்லாத விதை மலையேறிய கதை

மரத்தைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் அதன் உயரத்தைத்தான் சொல்வார்கள். அமெரிக்காவின் மேற்குக் கரையோரம் நூறு மீட்டரையும் தாண்டி வளரும் ரெட்வுட் மரங்கள் இருக்கின்றன. அவற்றின் அடியில் நின்றவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்து வியந்து எழுதியிருக்கிறார்கள். அதே நாட்டில் இன்னும் கிழக்கே, மழை குறைந்த மேட்டுநிலங்களில், ஒரு குட்டைப் பைன் மரம் வளர்கிறது. பெயர் பின்யோன். ஆறு முதல் பத்து மீட்டர் வரைதான் உயரம். அதைப் பற்றியும் ஏறத்தாழ 480 ஆண்டுகளாக எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் இவர்கள் தரையைப் பார்த்து எழுதினார்கள். விதை பொறுக்கிக்கொண்டே எழுதினார்கள்.

நியூ மெக்சிகோ, கொலராடோ, யூட்டா, அரிசோனா, நெவாடா ஆகிய மாநிலங்களின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 முதல் 2,300 மீட்டர் வரை உயரமுள்ள மலைச்சரிவுகளில் இந்த மரங்கள் பரவியிருக்கின்றன. பக்கத்திலேயே ஜூனிப்பர் என்ற இன்னொரு குட்டை மரமும் நிற்கும். இரண்டும் சேர்ந்தே ஒரு காடு. கோடையில் வெயில் கொளுத்தும், குளிர்காலத்தில் பனி மூடிவிடும், ஆண்டு முழுவதும் தண்ணீர் பற்றாக்குறை. அதனால் பின்யோன் அவசரமே இல்லாமல் வளரும். முதல் காய் காய்க்கவே 25 ஆண்டுகள் ஆகிவிடும். நன்றாகக் காய்க்க 75 ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். ஆனால் 500 வயதைத் தாண்டியும் உயிரோடு நிற்கும் மரங்கள் உண்டு.

பைன் மரத்தின் காயைக் கூம்பு என்போம். கட்டையான செதில்கள் அடுக்கடுக்காக இருக்கும். அந்தச் செதில்களுக்கு இடையில்தான் விதை. பின்யோன் விதை ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும். ஓட்டை உடைத்தால் உள்ளே வெண்மையான, எண்ணெய்ப் பசையுள்ள பருப்பு. நம் ஊர்க் கடைகளில் முந்திரி, பாதாமோடு விற்கும் சில்கோசா பருப்பைப் பார்த்திருப்பீர்கள். அது இமயமலைப் பக்கத்தில் வளரும் வேறு வகைப் பைனின் விதை. ருசியில் இரண்டும் உறவுக்காரர்கள்.

இந்த விதையைப் பற்றி முதலில் எழுதி வைத்த ஐரோப்பியர் ஒரு கப்பல் விபத்தில் தப்பியவர். அல்வார் நூன்யெஸ் கபேசா தெ வாக்கா என்ற ஸ்பானியர். 1528-இல் இன்றைய டெக்சஸ் கரையில் ஒதுங்கினார். ஸ்பானியர்கள் இருந்த மெக்சிகோ நகரத்தை அடைய அவருக்கு எட்டு ஆண்டுகள் பிடித்தன. நூற்றுக்கணக்கான பேரோடு கிளம்பிய பயணத்தில், தரைவழியாக நடந்து திரும்பியவர்கள் அவரோடு சேர்த்து நாலே பேர். உடையில்லாமல், பட்டினியாய், பழங்குடி மக்கள் கொடுத்ததைத் தின்று பிழைத்த ஒருவர் 1542-இல் வெளியான தன் புத்தகத்தில் பின்யோனை எப்படி வர்ணிக்கிறார் தெரியுமா? மரம் சிறியது, கூம்பு சின்ன முட்டை அளவு, ஆனால் பருப்பு ஸ்பெயின் நாட்டுப் பருப்பைவிட மேலானது, ஏனென்றால் ஓடு மிக மெல்லியது. பச்சையாக இருக்கும்போது அரைத்து உருண்டை பிடிக்கிறார்கள், காய்ந்துவிட்டால் ஓட்டோடு சேர்த்தே இடித்துப் பொடியாகத் தின்கிறார்கள் என்றும் சொல்கிறார்.

பசித்தவர் எழுதியதாலோ என்னவோ, ஒரு வார்த்தைகூட வீணாக இல்லை. ஓடு மெல்லியது என்று அவர் சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது இந்தக் கட்டுரையில் மறுபடியும் தேவைப்படும்.

முந்நூறு ஆண்டுகள் கழித்து, 1844 ஜனவரியில், ஜான் ஃபிரீமான்ட் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி நெவாடா பக்கம் வந்தார். நில அளவைக்காக வந்த குழு அது. முன்னால் பனி மூடிய சியெரா நெவாடா மலை, கையில் உணவு குறைவு. அங்கிருந்த மக்கள் பைகளில் பைன் பருப்பைக் கொண்டுவந்து பண்டமாற்று செய்தார்கள். அந்த மக்களின் குளிர்கால உணவே இதுதான் என்று ஃபிரீமான்ட் தன் அறிக்கையில் குறித்தார். அவர் கொண்டுபோன மாதிரியை ஆராய்ந்த தாவரவியலாளர் ஜான் டோரி, 1845-இல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். பைனஸ் மோனோஃபில்லா, அதாவது ஒற்றை இலைப் பைன். உலகில் நூற்றுக்கும் மேற்பட்ட பைன் வகைகள் இருக்கின்றன. அவற்றின் ஊசி இலைகள் பெரும்பாலும் இரண்டு இரண்டாக, மூன்று மூன்றாக, ஐந்து ஐந்தாகக் கொத்தாக இருக்கும். ஒரே ஒரு ஊசியை உருட்டி வைத்தாற்போல் தனித்தனியாக வைத்திருப்பது இந்த நெவாடா பின்யோன் மட்டும்தான். நியூ மெக்சிகோ, கொலராடோ பக்கம் வளரும் பின்யோனுக்கு இரட்டை ஊசிகள். அதற்கு 1848-இல் ஜார்ஜ் எங்கல்மன் பைனஸ் எடூலிஸ் என்று பெயர் வைத்தார்.

எல்லாரையும்விட ஆசையாக எழுதியவர் ஜான் மியூர். காடுகளைக் காக்க வேண்டும் என்று அமெரிக்கர்களிடம் வாழ்நாள் முழுவதும் மன்றாடியவர். 1894-இல் வந்த ‘கலிபோர்னியாவின் மலைகள்’ என்ற புத்தகத்தில் ஒவ்வொரு பைனையும் தனித்தனியாக வர்ணித்துக்கொண்டே வருகிறார். பலவும் வானைத் தொடும் மரங்கள். பின்யோனிடம் வந்ததும் அவர் குரலே கனிந்துவிடுகிறது. இவ்வளவு திருப்தியாக, பெரிய ஆசை எதுவும் இல்லாமல், காய்த்துக்கொண்டு மட்டும் இருக்கும் ஒரு பைன் மரத்தைக் கற்பனையே செய்ய முடியாது என்கிறார். தோட்டத்து ஆப்பிள் மரம்போல் கிளைகளைக் கோணல்மாணலாகப் பரப்பிக்கொண்டு தரையோடு நின்றுவிடுகிறதே என்று வியக்கிறார். நல்ல விளைச்சல் ஆண்டில் நெவாடாவின் பைன் பருப்பு அறுவடை, கலிபோர்னியா முழுவதும் விளையும் கோதுமையைவிட அதிகமாக இருக்கலாம் என்றும் ஓரிடத்தில் எழுதியிருக்கிறார். அது கணக்கெடுத்துச் சொன்னதல்ல, கண்ணால் பார்த்த மலைப்பில் சொன்னது. மலை மலையாக மரங்கள், மரம் நிறையக் காய்கள். அந்த மலைப்பை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

மியூர் அறுவடையையும் வர்ணித்தார். நீண்ட கம்புகள், கூடைகள், சாக்குகள் தயாராகும். வெள்ளைக்காரர் வீடுகளிலும் பண்ணைகளிலும் வேலை செய்துகொண்டிருந்த பழங்குடி ஆண்களும் பெண்களும் வேலையை விட்டுவிட்டு, குதிரைகளில் குடும்பம் குடும்பமாக மலைக்குக் கிளம்புவார்கள். கம்பால் அடித்துக் கூம்புகளை உதிர்ப்பார்கள். கூம்பு முழுக்கப் பிசின் ஒட்டும். அதை நெருப்பில் வாட்டினால் பிசின் எரிந்து, செதில்கள் விரிந்து, விதை வெளியே வரும்.

அதற்குப் பிறகுதான் கைத்திறன். நம் முறத்தைப் போன்ற பின்னல் தட்டில் விதையையும் தணல் கரித்துண்டுகளையும் ஒன்றாகப் போட்டுக் குலுக்கிக்கொண்டே இருப்பார்கள். ஒரு நொடி கை நின்றால் தட்டு எரிந்துபோகும். விதை பதமாக வறுபட்டதும் கல்லில் மெதுவாகத் தேய்த்து ஓட்டை உடைத்து, புடைத்து, பருப்பை மாவாக அரைத்துக் கஞ்சி காய்ச்சுவார்கள். நெவாடாவின் பையூட் இனத்தைச் சேர்ந்த சாரா வின்னமக்கா 1883-இல் தன் மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். பைன் பருப்பு சேகரிக்கும் இலையுதிர்காலம் அதில் வருகிறது. வழிப்போக்கர்கள் எழுதியதற்கும் அவர் எழுதியதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அவருக்கு அது வேடிக்கை பார்க்கும் காட்சி கிடையாது, வீட்டுச் சாப்பாடு. மலையில் பருப்பு இல்லையென்றால் அந்தக் குளிர்காலத்தில் குழந்தைகள் பட்டினி.

வாஷோ, ஷோஷோனி மக்களும் இப்படித்தான் வாழ்ந்தார்கள். நவஹோ மக்கள் பின்யோன் பிசினைக் காய்ச்சிக் கூடையின் மேல் பூசி, தண்ணீர் ஒழுகாத குடமாக்கினார்கள்.

இப்போது ஒரு கேள்வி. மற்றப் பல பைன் மரங்களின் விதைக்கு மெல்லிய இறக்கை உண்டு. கூம்பு விரிந்ததும் காற்று அதைச் சுழற்றித் தூக்கிக்கொண்டு போகும். பின்யோன் விதைக்கு இறக்கை இல்லை. கனமான விதை, விழுந்தால் தாய்மரத்தின் காலடியில்தான் விழும். அப்படியிருக்க, சரிவில் மேலே மேலே, மலைக்கு மலை தாவி இந்தக் காடு எப்படிப் பரவியது?

பறவைகள் இந்த விதையைத் தின்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். தின்பது வேறு, நடுவது வேறு. 1970-களில்தான் ரஸ்ஸல் பால்டா, ஸ்டீஃபன் வாண்டர் வால் போன்ற ஆய்வாளர்கள் அரிசோனா மலைகளில் தொலைநோக்கியோடு உட்கார்ந்து, ஒவ்வொரு பறவையும் எத்தனை விதை எடுக்கிறது, எங்கே கொண்டுபோகிறது என்று எண்ணத் தொடங்கினார்கள்.

கிளார்க் நட்கிராக்கர் என்று ஒரு பறவை. காக்கை இனம்தான், ஆனால் சாம்பல் நிற உடம்பு, கறுப்பு இறக்கை. அதன் நாக்குக்கு அடியில் ஒரு பை இருக்கிறது. அதில் 95 பின்யோன் விதைகள் வரை அடைத்துக்கொண்டு பறந்திருக்கிறது! கழுத்து வீங்கியபடி 22 கிலோமீட்டர் தூரம் வரை போய், நாலைந்து விதைகளாக மண்ணில் குத்திப் புதைத்து மூடிவிடும். ஓர் இலையுதிர்காலத்தில் ஒரே பறவை பல்லாயிரம் விதைகளைப் புதைக்கும். பனிக்காலத்தில் அவற்றைத் தோண்டித் தின்னும்.

பனி மூடிய தரையில் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? மோப்பம் பிடித்தா? வாண்டர் வால் ஓர் அழகான சோதனை செய்தார். மணல் பரப்பிய கூடத்தில் கற்கள், கட்டைகள் போன்றவற்றை அடையாளமாக வைத்து, பறவையை விதை புதைக்க விட்டார். பிறகு பறவை இல்லாத நேரத்தில், கூடத்தின் ஒரு பாதியில் இருந்த அடையாளங்களை மட்டும் 20 சென்டிமீட்டர் நகர்த்திவிட்டார். பறவை திரும்பி வந்தது. நகர்த்தாத பாதியில் சரியான இடத்தில் தோண்டியது. நகர்த்திய பாதியில் கிட்டத்தட்ட அதே அளவு தள்ளிப்போய்த் தோண்டி ஏமாந்தது. ஆக, மோப்பம் இல்லை. சுற்றியுள்ள பொருட்களை வைத்து இடத்தை நினைவில் வைத்திருக்கிறது. புதைத்து ஒன்பது மாதங்கள் கழித்தும் அது மறக்காமல் எடுத்ததைப் பின்னால் பால்டாவும் ஆலன் காமிலும் சோதித்துக் காட்டினார்கள்.

இன்னொரு பறவை பின்யோன் ஜே. மங்கலான நீல நிறம். நூற்றுக்கணக்கில் கூட்டமாகவே திரியும். காக்கை இனத்துப் பறவைகளுக்கு மூக்குத் துளையை மூடிச் சிறு இறகுகள் இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? இதற்கு அங்கே இறகு கிடையாது. பிசின் ஒழுகும் பச்சைக் கூம்புக்குள் அலகை விட்டாலும் முகத்தில் இறகு ஒட்டிக்கொள்ளாது. அது விதையை எடுத்ததும் விழுங்கிவிடாது. முதலில் நிறத்தைப் பார்க்கும். வெளிர் நிற விதை பெரும்பாலும் உள்ளே ஒன்றுமில்லாத பொக்கு, கரும்பழுப்பு என்றால் பருப்பு உண்டு. பிறகு அலகில் வைத்துத் தட்டிப் பார்க்கும், எடை பார்க்கும். பொக்கு என்றால் தூக்கி எறிந்துவிடும். தேறிய விதைகளில் சுமார் ஐம்பது வரை தொண்டைக்குக் கீழே உள்ள உணவுக்குழாயில் நிரப்பிக்கொண்டு பறக்கும்.

டேவிட் லைகன் என்ற ஆய்வாளர் நியூ மெக்சிகோவில் இந்தப் பறவைகளைக் கவனித்தார். மற்றப் பறவைகள் வசந்தம் வரட்டும் என்று காத்திருக்க, பின்யோன் ஜே பனி உருகும் முன்பே, பிப்ரவரி, மார்ச்சிலேயே கூடு கட்டிவிடும். புதைத்து வைத்த விதைதான் அதற்குத் துணிச்சல். அதைவிட வியப்பானது இது: கூம்புகள் ஏராளமாகக் காய்த்த ஆண்டில், கோடை முடியும்போதும் அது மறுபடி இனப்பெருக்கத்துக்குத் தயாராகிறது. மரத்தில் பச்சைக் கூம்புகளைப் பார்ப்பதே அதைத் தூண்டுகிறது என்று 1974-இல் லைகன் எழுதினார்.

இனி மரத்தின் பக்கமிருந்து பாருங்கள். பின்யோன் கூம்பின் செதில்களில் குழி இருக்கிறது. கூம்பு விரிந்தாலும் விதை உடனே கொட்டிவிடாமல் அந்தக் குழியில் உட்கார்ந்திருக்கும், பறவை கண்ணில் படும்படி. முள்ளில்லாத செதில், பெரிய பருப்பு, பொக்கையும் நல்லதையும் வேறுபடுத்திக் காட்டும் நிறம். பட்டினி கிடந்த ஸ்பானியர் பாராட்டினாரே, அந்த மெல்லிய ஓடு, அது அவருக்காக உண்டானதா? அலகால் உடைக்கிற பறவைக்காக! பறவைகள் எந்த மரத்தின் விதையை விரும்பி எடுத்துப் புதைத்தனவோ அந்த மரத்துக்கே அதிகப் பிள்ளைகள். பல்லாயிரம் தலைமுறைகளாக இது நடந்திருக்கிறது. பறவை என்னதான் நினைவாற்றல் உள்ளதானாலும் புதைத்த எல்லாவற்றையும் தின்று தீர்ப்பதில்லை. மிஞ்சியவை முளைக்கும். அதுவும் வெட்டவெளியில் முளைத்த கன்று வெயிலில் கருகிவிடும். ஒரு புதரின் நிழலிலோ ஜூனிப்பரின் நிழலிலோ முளைத்தால் பிழைக்கும்.

இதில் மரம் ஒரு கணக்கும் வைத்திருக்கிறது. ஆண்டுதோறும் ஒரே அளவு காய்த்தால் எலியும் அணிலும் பூச்சியும் எல்லாவற்றையும் தின்றுவிடும். அதனால் சில ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு, மூன்றிலிருந்து ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த வட்டாரமே சேர்ந்து காய்த்துத் தள்ளும். தின்பவர்களால் தின்று முடியாது. ஒரு கூம்பு அரும்பு கட்டியதிலிருந்து பழுக்க ஏறக்குறைய 26 மாதங்கள் ஆகும். இந்த ஆண்டு முதிர்ந்த கூம்பின் அருகிலேயே அடுத்த ஆண்டுக்கான குட்டிக் கூம்பும் இருக்கும். பையூட், ஷோஷோனி மக்கள் அதைப் பார்த்தே அடுத்த இலையுதிர்காலத்தில் எந்த மலைக்குப் போவது என்று முடிவு செய்தார்கள்.

இந்த மரத்தை வேறு விதமாகப் பார்த்தவர்களும் இருந்தார்கள். 1870-களில் நெவாடாவில் வெள்ளித் தாது உருக்கக் கரி தேவைப்பட்டது. யுரேக்கா என்ற சுரங்க ஊரைச் சுற்றிப் பல பத்து கிலோமீட்டர் தூரத்துக்கு பின்யோனும் ஜூனிப்பரும் வெட்டிக் கரியாக்கப்பட்டன. ஈலி நகருக்குப் பக்கத்தில், 1876-இல் கட்டிய ஆறு கரிச்சூளைகள் ஒன்பது மீட்டர் உயரத்தில் இன்றும் நிற்கின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மேய்ச்சல் நிலம் வேண்டும் என்று, இரண்டு புல்டோசர்களுக்கு நடுவே கப்பல் நங்கூரச் சங்கிலியைக் கட்டி இழுத்துக் காடுகளை வேரோடு பிடுங்கினார்கள். நூறு வயது மரம் ஒரு நிமிடத்தில் சாய்ந்தது. இதை எழுதும்போது எனக்கு மனம் தாங்கவில்லை.

நாவலாசிரியர்களுக்குப் பிடித்தது புகையின் மணம். வில்லா கேதரின் நியூ மெக்சிகோ நாவலில் பின்யோன் கட்டை எரியும் வாசனை வீசும். எட்வர்ட் அபியோ ஜூனிப்பர் புகைக்குத்தான் முதல் இடம் கொடுத்தார். ரொனால்ட் லானர் என்ற காட்டியல் அறிஞர் 1981-இல் பின்யோனுக்கென்றே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். பறவைகளின் கதையும் பழங்குடி மக்களின் கதையும் ஒரே புத்தகத்தில் வருகின்றன. கடைசியில் ஹேரியட் லானர் எழுதிய பைன் பருப்புச் சமையல் குறிப்புகள்கூட இருக்கின்றன. இந்த மரத்தைப் பற்றி ஒரே ஒரு புத்தகம் படிக்க வேண்டுமென்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

2002, 2003-இல் அந்தப் பகுதியில் கடும் வறட்சி. முந்தைய வறட்சிகளைவிட வெப்பமும் அதிகம். இலைகளில் காற்று போய்வரும் நுண்துளைகள் உண்டு என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். வறட்சி வந்தால் பின்யோன் தண்ணீரைக் காக்க அந்தத் துளைகளைச் சீக்கிரமே மூடிவிடும். மூடினால் கரியமில வாயு உள்ளே வராது, உணவு தயாரிக்க முடியாது. மாதக்கணக்கில் மூடிக் கிடந்தால் பட்டைக்குள் துளைக்கும் வண்டை விரட்டப் பிசின் சுரக்கவும் தெம்பு இருக்காது. ஜூனிப்பர் துளைகளைத் திறந்து வைத்து ஆபத்தோடு விளையாடும். அந்த முறை அது பெரும்பாலும் பிழைத்தது. பின்யோன்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. லாஸ் அலமோஸ் அருகே ஓர் ஆய்வுப் பரப்பில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பட்டுப்போயின. பின்யோன் ஜே பறவைகளும் கடந்த ஐம்பது ஆண்டுகளில் பெருமளவு குறைந்துவிட்டன.

உயிரோடு இருக்கும் மரங்கள் எப்படி இருக்கின்றன? அதை அறிய ஒரு எளிய வழி உண்டு. கூம்பு உதிர்ந்த இடத்தில் கிளையில் ஒரு தழும்பு நிற்கும். கிளை ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு வளர்ந்தது என்பதும் அதில் தெரியும். இரண்டையும் சேர்த்து நுனியிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே போனால், எந்த ஆண்டு எத்தனை கூம்பு என்று பத்து ஆண்டுகளுக்குக் கணக்குச் சொல்லலாம். 1978-இல் ஃபிராங்க் ஃபோர்செல்லா நியூ மெக்சிகோ பக்கம் ஒன்பது இடங்களில் இப்படி எண்ணினார். கோடை முடியும் நாட்கள் குளிர்ச்சியாக இருந்தால் கூம்பு அதிகம் அரும்புகிறது என்று கண்டுபிடித்தார். 2012-இல் மிராண்டா ரெட்மண்ட் அதே ஒன்பது இடங்களுக்குப் போய் மறுபடி எண்ணினார். இடைப்பட்ட காலத்தில் கூம்புகள் சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தன. கோடை முடிவில் வெப்பம் அதிகமாக ஏறிய இடங்களில்தான் குறைவும் அதிகம். பழைய கணக்கை எடுத்த ஃபோர்செல்லாவே அந்தப் புதிய ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவராகவும் இருந்தார்.

நெவாடாவின் ஷுர்ஸ் ஊரில் வாக்கர் ரிவர் பையூட் மக்கள் ஒவ்வொரு செப்டம்பரிலும் பைன் பருப்புத் திருவிழா கொண்டாடுகிறார்கள். அப்போது பழுத்திருக்கும் கூம்புகள் அரும்பு கட்டியது, அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய கோடையின் கடைசி நாட்களில்.